எதன் வழியாகக் கேட்டது?

மார்ச் 4

அன்புள்ள தடியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய்தான் சொல்வாய்.

போன் இருக்க இவளுக்கு ஏன் கடிதாசி ஆசை என்று முழிக்காதே. போனில் நாம் சண்டை போடாமல் வைத்தது என்றைக்கு? அதுவும் உன் ஆய்வுக்கூடத்தில் போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நீதான் புலம்பினாய். எழுத்தில் என்றால் "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று நழுவ முடியாது பார்.

உன் மருமகளுக்குப் பத்து மாதம் முடிந்தது. புதுசாக இரண்டு பல். முதல் கடி என் விரலில்தான். நேற்று மத்தியானம் தெருவில் ஒருவர் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றை வண்டியிலிருந்து அப்படியே தள்ளிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலில் கிடந்த இவள் இமையைக்கூட அசைக்கவில்லை. உன் மாமா கீழே மரப்பட்டறையிலிருந்து மேலே ஓடி வந்து பார்த்துவிட்டு, "இடி விழுந்தாலும் எந்திரிக்காது. தாய்மாமன் தூக்கம் அப்படியே வந்திருக்கு" என்றார். சிரித்தோம்.

போன தடவை நீ வந்தபோது, ஏதோ ஓர் அலுமினிய உருளையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், அது வானத்திலிருந்து வருவதைக் கேட்கும் என்றாய். அன்றைக்கு எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இப்போது கேட்கிறேன், சொல். வாய் திறந்து பேசாத ஒன்றுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். மீதி அப்புறம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், சத்தியமாகச் சாப்பிடுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் வேலையைப் பற்றி நம் வீட்டில் ஒருத்தர் கேட்பதற்கு நான் தவம் கிடந்திருக்கிறேன்!

உருளை என்றால் கைக்குள் அடங்குவதில்லை. என்னைவிட நீளம், ஒரு லாரிக்குப் போதுமான கனம். வயிற்றைச் சுற்றி ஒரே ஒரு வடம் போட்டுத் தொங்குகிறது. சுற்றிலும் காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டி, உள்ளே தாங்கமுடியாத குளிர். தூரத்தில் எங்கோ இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதினால், இடமே கொஞ்சம் நீண்டு கொஞ்சம் சுருங்கும். அந்த நெளிவு அலையாக வரும். அதுதான் ஈர்ப்பலை. அது கடக்கும்போது உருளையும் துளி நீண்டு துளி சுருங்கும். எவ்வளவு துளி? ஓர் அணுவுக்குள் போய்த் தேடினாலும் கண்ணில் படாத அளவு.

அப்படியானால் எப்படித் தெரியும் என்று கேட்பாய். சின்ன வயதில் நீ ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தள்ளச் சொல்லி அதட்டுவாயே, "இப்ப இல்லடா மக்கு... இப்ப!" என்று. சரியான நேரத்தில் தள்ளினால் என் சுண்டுவிரலே போதும். தவறான நேரத்தில் தள்ளினால் உன் கால்தான் என் மூக்கில் படும். உருளைக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்திலேயே அலை வந்தால் ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்து சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். அலை போன பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் பிடிப்பது அந்த மிச்ச அதிர்வைத்தான்.

இதுவரை ஒன்றும் பிடிக்கவில்லை. ஆண்டு முடிவில் உருளையை நிறுத்திவிடுவார்களாம், அதற்குள் ஒன்று வந்தால் தேவலை.

மருமகளுக்கு என் முத்தம். மாமாவிடம், தூக்கத்தில் என்னோடு போட்டி போட ஆள் வந்துவிட்டதற்கு நன்றி சொல்.

உன்
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. மற்றபடி குறையில்லை.

ஊஞ்சல் புரிந்தது. மூக்கில் பட்டது உன் தப்பு.

என் தொழிலில் ஒரு தொல்லை உண்டு, கேள். பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறோம் இல்லையா, சிலர் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். கண் மங்கலாக இருக்கும், ஆனால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஏமாற்றவேண்டும் என்பதில்லை. தனக்குப் பார்வை குறைகிறது என்று ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் நான் பலகையின் மறுபக்கத்தைத் திருப்பி வைத்துக் கேட்பேன், அங்கே வேறு எழுத்துகள். உங்கள் உருளையையும் அப்படிச் சோதிப்பீர்களா?

இன்னொரு சேதி. எனக்குச் சும்மா ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. உன் மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே கீழேயிருந்து வந்து, மரப்பலகைத் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த இவள் பின்னால் நின்று, "ஏ வாலு!" என்று கையைத் தட்டினார். சட்டென்று திரும்பிவிட்டாள்! மறுபடி செய்தார், மறுபடி திரும்பினாள். "பாத்தியா, பாம்புச் செவி! நீதான் ஊர்ல இல்லாததெல்லாம் நெனைச்சுக்கற" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

சளிக்கு வெந்நீர் குடி. நான் நலமே.

பலகையைத் திருப்பி வைக்கும் வித்தையை எங்கள் தலைவரிடம் சொன்னேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார், ஏனென்றால் அவர் அதில் நன்றாகச் சூடுபட்டவர். கதை கேள்.

நான் சேர்வதற்கு முன் நடந்தது. உருளை திடீரென்று அதிர ஆரம்பித்ததாம். அழகான அதிர்வு, எழுந்து, நின்று, மெல்ல அடங்கி, பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி. ஒரு தடவை இல்லை, வாரக்கணக்கில், கிட்டத்தட்டத் தினமும். ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் ஆடியது. தலைவர் பேட்டி கொடுப்பதற்குப் புதுக் கோட்டே தைத்துவிட்டார். கடைசியில் பார்த்தால், அதிர்வு வந்தது ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் மட்டும். வானத்துக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? தேடிக்கொண்டே போனார்கள். அடுத்த கட்டடத்தில் சாமான் ஏற்றும் லிஃப்டின் கதவு! அதைச் சாத்தும்போது 'டொம்' என்று விழும். அந்த அதிர்ச்சி தரையில் ஓடி, தூணில் ஏறி, வடம் வழியாக உருளைக்கு வந்திருக்கிறது.

தலைவர் சொல்வார்: "அது கேட்டது நெஜம்தாம்ப்பா. எது வழியாக் கேட்டதுங்கறதுலதான் நாம ஏமாந்தோம்." அந்தக் கோட்டை இப்போதும் அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார், புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்கு.

மருமகள் திரும்பிப் பார்த்தது கேட்டுச் சந்தோஷம். என்ன சந்தேகம் உனக்கு? ஒன்றும் விளங்கவில்லையே.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பதில் தாமதமானதற்குக் காரணம் கேட்காதே.

உருளையைத் தரையிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள்? கதவுச் சத்தம் வராமல் என்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் எழுது. எனக்குப் புரியாது என்று சுருக்காதே.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் சத்தமே இல்லை, பிறகு தந்தி மாதிரி நாலு வரி. மாமாவோடு ஏதாவது தகராறா? சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தரை. தூண்களுக்கு அடியில் ரப்பர் ஒரு தட்டு, இரும்பு ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கெட்டியும் மெத்தும் கலந்தால் அதிர்ச்சி பாதி வழியிலேயே களைத்துப்போகும். அதற்கு மேல் சுருள்வில், அதற்கு மேல்தான் வடம். இரண்டாவது காற்று. சத்தமோ வீச்சோ தொடாமல் இருக்கத்தான் தொட்டியில் காற்றையே எடுத்துவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் உருளை அசைந்தால்தான் அதைப் பற்றி யோசிப்போம்.

உடனே நம்பவும் மாட்டோம். உருளைக்கே உள்ளூர ஒரு நடுக்கம் எப்போதும் உண்டு. எவ்வளவு குளிர வைத்தாலும் முழுசாகப் போகாது, சும்மாவே ஒரு துள்ளு துள்ளும். அதனால் தொலைதூரத்தில் இன்னோர் உருளை. அங்கே இருப்பவர்கள் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், நாங்கள் அவர்களுக்குச் சொல்லமாட்டோம். கடிகாரம் மட்டும் ஒத்திருக்கும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே நேரத்தில் இரண்டும் துள்ளியிருந்தால்தான் கணக்கு.

இன்னொன்று. எதற்குமே அசையவில்லை என்றால் உடனே செவிடு என்று முடிவுகட்டக்கூடாது. தன் சுருதிக்குப் பக்கத்தில் வருவதைத்தான் உருளை கேட்கும். அதற்கு மேலேயும் கீழேயும் உலகமே இடிந்தாலும் அதற்குத் தெரியாது. எந்தச் சுருதி என்று தேடவேண்டும்.

என்ன அக்கா, வீட்டு உத்தரத்தில் உருளை கட்டப்போகிறாயா?

தம்பி


மே 26

தம்பிக்கு,

நாங்கள் நலம்.

உத்தரத்தில் கட்டினேன். பழைய போர்வையை மடித்து ஊஞ்சல் மாதிரி. கொக்கிக்கு நடுவில் பட்டறையிலிருந்து இரண்டு சுருள்வில். கடையில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைப் பொதிந்து வரும் நுரைத்துண்டுகளைக் கீழே திணித்தேன். இவளை அதில் கிடத்தினேன். நிழல் விழாதபடி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். உன் மாமா எவ்வளவு அழுத்தி நடந்தாலும் ஆட்டம் வராது. கைவீச்சின் காற்று படாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

தட்டினார். கூப்பிட்டார். பாத்திரத்தைக் கரண்டியால் அடித்தார்.

நீ சொன்னது சரி. தரைதான்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். குழாய்க் கட்டு, மரப்பலகைத் தரை, மாமாவின் கைத்தட்டு. நான் ஒரு மடையன். ஊரில் இல்லாத அலையைப் பிடிக்கிறேன் என்று மார் தட்டுகிறவனுக்கு, சொந்த அக்கா மூன்று மாதமாக என்ன கேட்கிறாள் என்று பிடிபடவில்லை. 'செவிடு' என்ற சொல்லை வேறு எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறேன்!

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். குழந்தைக்குக் காது கேட்கவில்லையா?

தலைவரிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். "உருளை எங்கயும் ஓடிடாது, போய்ட்டு வா" என்றார். எப்போது வரட்டும்?

தம்பி


ஜூன் 9

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். பலகையைப் படிக்க உட்கார்ந்திருந்தவர், "என்னம்மா, உங்களுக்கே எழுத்து தெரியலையா?" என்றார். அவ்வளவு அழுதிருக்கிறேன்.

போனில் பேசாததற்கு இதுதான் காரணம். முதல் வார்த்தையிலேயே என் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாய். வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். லிஃப்ட் கதவுக் கதையைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உன் மாமாவுக்கு மரவேலைக்காரர் நடை, ஒவ்வோர் அடியும் பலகையில் 'திம் திம்' என்று விழும். அவர் பின்னால் வந்து நின்றதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கைதட்டியது இல்லை. அவள் பொய் சொல்லவில்லை, பாவம். நாங்கள்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டோம். தெரிந்தும் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை விட மனசு வரவில்லை.

உன் மாமா இரண்டு நாள் மேலேயே வரவில்லை. கீழே எதையோ இழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்ப் பார்த்தால், நான் கட்டிய கோணல் ஊஞ்சலுக்குப் பதிலாக ஒழுங்கான சட்டம் செய்து வைத்திருக்கிறார், சுருள்வில்லோடு. "சோதிக்கறதுன்னா நல்லபடியாச் சோதிப்போம்" என்றார்.

டாக்டரிடம் போனோம். மேல் சுருதிகள் எதுவும் கேட்கவில்லை. அதில் சந்தேகமில்லை என்றார். அடிச் சுருதியில் ஏதாவது மிச்சம் இருக்கலாம், ஆனால் குழந்தை அழுது புரண்டதால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை, அடுத்த மாதம் மறுபடி வாருங்கள் என்றார். மிச்சம் இருந்தால் காதுக் கருவி உதவும். ஒன்றுமே இல்லையென்றால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசவேண்டும். அடுத்த மாதம் வரை நான் எப்படிப் பொறுப்பேன், சொல்.

உன் மாமாவின் குரல் விசில் மாதிரி. என்னுடையதும் கீச்சுதான். நம் குடும்பத்திலேயே அடித்தொண்டை உனக்கு மட்டும்தான். எருமைக் குரல் என்று உன்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! வாடா. அந்த எருமைக் குரலோடு உடனே கிளம்பி வா.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மாமா கட்டிக்கொடுத்த மூட்டையைப் பார்த்து ரயிலில் எல்லோரும் நான் வீடு மாற்றுகிறேன் என்று நினைத்தார்கள்.

ஒப்பந்தப்படி, திரைக்குப் பின்னாலிருந்து நான் குரல் கொடுத்த நேரங்களைக் குறித்த என் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்றைக்கே, அவள் முகம் பார்த்து நீ குறித்த தாளோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நீ துடித்தாய், நான்தான் தடுத்தேன். கோபப்படாதே. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஆசை நம் கையைப் பிடித்துத் திருத்த வைக்கும். அதனால்தான் உன் காதில் பஞ்சை அடைத்து மேலே துண்டையும் கட்டினேன். நான் எப்போது குரல் கொடுக்கிறேன் என்று தெரிந்தால் உன் முகம் மாறும், உன் முகத்தைப் பார்த்து அவள் முகம் மாறும். தலையில் கட்டோடு நீ உட்கார்ந்திருந்த கோலத்தைத் திரை இடுக்கில் பார்த்து மாமா சிரிப்பை அடக்கமுடியாமல் கீழே ஓடித் திரும்பி வந்தது உனக்குத் தெரியாது.

தாளில் 'குரல்' என்று இருப்பது என் எருமைக் குரல். 'விசில்' என்பது விசில். 'சும்மா' என்று போட்ட இடங்களில் வாயை மட்டும் அசைத்தேன், சத்தம் இல்லை. மணி நீயும் நானும் ஒன்றாகத் திருப்பி வைத்த கைக்கடிகாரத்தின்படி. கடைசிக் குரலுக்கு அடியில் கோடு போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பதிவு எதுவும் இல்லை, முகம் கழுவப் போய்விட்டேன்.

உருளையில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஒன்றும் வரவில்லை என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு பதில்தான் என்று தலைவர் சொல்கிறார். உன் விஷயத்தில் எனக்கு அந்தப் பதில் வேண்டாம்.

உடனே எழுது.

தம்பி


ஜூலை 8

என் அன்புள்ள எருமைக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

உன் தாளையும் என் தாளையும் கடையில் கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரியும் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். மணிக்கு மணி நேராக வரும்படி நகர்த்தினேன். உன் மாமா பிடித்துக்கொண்டார்.

விசில் இருந்த இடங்களில் என் தாள் வெறுமை. டாக்டர் சொன்னது அங்கே சரி. 'சும்மா' இருந்த இடங்களில் ஒரே ஒரு கோடு, அது அவளாகச் சிரித்துக்கொண்டது. உன் உருளைக்கு இருக்கிற உள்நடுக்கம் இவளுக்கும் இருக்காதா? ஆனால் 'குரல்' என்று நீ எழுதிய இடத்தில் எல்லாம், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும், என் கோடு இருக்கிறது. தம்பி, கேட்கிறதுடா! உன் குரல் அவளுக்குக் கேட்கிறது! உன் மாமா தாளை விட்டுவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டார். கடைக்கு வந்தவர்களிடம் "இன்னிக்கு யாருக்கும் காசு வேண்டாம், போங்க" என்று அவரே சொல்லிவிட்டார், கடை என்னவோ அவருடையது மாதிரி.

நேற்று இரண்டு தாளையும் டாக்டரிடம் காட்டினோம். முதலில் புருவத்தை உயர்த்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். இதை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டேன் என்று, அங்கேயே மறுபடி சோதித்தார். ஊஞ்சலை எடுத்துக்கொண்டு போயிருந்தோம், அதில் கிடந்ததால் அவள் அழவில்லை. அடிச் சுருதி இருக்கிறது. காதுக் கருவிக்கு அளவும் எடுத்தாகிவிட்டது.

நீ திரைக்குப் பின்னால் இருந்தாய், அவள் முகத்தை நீ பார்க்கவே இல்லை. அதை எழுதவேண்டும். உன் குரல் வரும்போதெல்லாம் கால் உதைப்பது நின்றுவிடும். புருவம் லேசாகச் சுருங்கும், புதிதாக வந்தவர் யார் என்று பார்ப்பதுபோல. நான் பஞ்சுக்குள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. உன் தாள் முடிந்து, நீ அடியில் கோடு போட்ட பிறகும், என் தாளில் ஒரு குறி இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறி. அப்போது அவள் கழுத்தையே திருப்பிவிட்டாள், திரைப் பக்கம். உதடு பிதுங்கியது. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் தாளில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. இதுவும் உள்நடுக்கமா என்று குழம்பிப்போய் உன் மாமாவைக் கேட்டேன்.

"அதுவா? உன் தம்பி தாளை மடிச்சு வெச்சுட்டு அங்கயே உக்காந்து அழுதான். பெரிய கொரல்ல. நான்தான் முகத்தைக் கழுவச் சொல்லி அனுப்பினேன். உனக்குத்தான் காதுல பஞ்சு, கொழந்தைக்குக் கேட்டுதே" என்றார்.

அந்தக் குறிக்கு நேராக உன் தாளில் நானே எழுதிவிட்டேன்: 'மாமன் அழுதது.'

கருவி வந்ததும் எழுதுகிறேன். அடுத்த தடவை வரும்போது அவளிடம் ஏதாவது பேசு.

அன்புடன்,
உன் அக்கா